தவிட்டின் மேல் போட்ட பழி

விமானச் சரக்குப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் ஒரு பயிற்சிக் கையேடு கொடுக்கிறார்கள். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். ஒரு காலத்தில் என்னிடம் உதவியாளராக இருந்து, இப்போது நான் உட்கார்ந்ததைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “அண்ணே, உங்க ஊர் விபத்து இதுல வந்திருக்கு. பாத்துட்டு, பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க” என்று அதை அனுப்பியிருந்தார். படித்ததும் ரெண்டே வார்த்தைதான் வந்தது. அதை அச்சில் போட முடியாது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கையேட்டில் எங்கள் விபத்துக்கு எட்டே வரி. அரிசி மூட்டை ஏற்றிய டகோட்டா விமானம் ஒன்று கிளம்பும்போது விழுந்ததாம். மூட்டைகள் வால் பக்கம் நழுவினவாம். காரணம், படிப்பறிவில்லாத சுமைதூக்கிகள் விமானத் தரையில் தவிட்டைத் தூவியதாம். பக்கத்தில் ஒரு கேலிப்படம் வேறு. கோவணம் கட்டிய ஒருவன், கோழிக்குத் தீனி போடுகிறமாதிரி விமானத்துக்குள் தவிட்டை வீசுகிறான். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அன்றைக்குப் போட்ட மாத்திரை வீண்.

தவிடு தூவியவர் பெயர் கருப்பையா. புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் சுமைதூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. வெளுத்த வேட்டி இல்லாமல் அவர் வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை. பல் தெரியச் சிரித்தும் பார்த்ததில்லை. அந்த விமானம் ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான். படத்தைத் திருத்துவதாக இருந்தால் என் முகத்தைத்தான் வரையவேண்டும். தாள் கொஞ்சம் அகலமாகத் தேவைப்படும்.

என் பெயர் மாணிக்கம். மானகிரிக்காரன். காரைக்குடியில் இயற்பியல் படித்து, எப்படித் தேறினேன் என்று கல்லூரிக்கே விளங்காதபடி தேறி, அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தனியார் விமானச் சரக்குக் கம்பெனியில் எடை எழுத்தராகச் சேர்ந்தேன். கம்பெனியிடம் மூன்று டகோட்டாக்கள் இருந்தன. உலக யுத்தத்தில் உழைத்துக் களைத்து, ஏலத்தில் வந்து சேர்ந்த கிழங்கள். என் பயிற்சிக்காலத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் எடை போடு. எது எங்கே இருக்கிறதென்று எழுது. எழுதிய இடத்திலேயே அது இருக்கும்படி கட்டு. அவ்வளவுதான். இந்த மூன்றும் தெரிந்தவனுக்கு லோடு ஷீட் என்கிற அந்தக் கணக்குத் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் விமானி விமானத்தைக் கிளப்புவார்.

எனக்கு அங்கே வைத்த பெயர் தராசு. வேலையைப் பார்த்து வைத்ததல்ல, ஆளைப் பார்த்து வைத்தது. நான் தொண்ணூற்றாறு கிலோ. சராசரி ஆளுக்குக் கம்பெனி வைத்திருந்த எடைக் கணக்கில் நான் அடங்கவில்லை. என்னை ஏற்றும் நாட்களில் லோடு ஷீட்டில் தனியாக ஒரு குறிப்பு எழுதவேண்டும். எழுதுகிறவனும் நானே.

சரக்கு நழுவினால் விமானம் ஏன் விழவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் டீக்கடை பெஞ்சைத்தான் காட்டுவேன். நீளப் பெஞ்சின் ஒரு முனையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், மறுமுனையில் நாலு பேர். நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் என் முனை இறங்கும், அவர்கள் முனை வானத்தைப் பார்க்கும், என் டீ என் சட்டையில். விமானமும் அப்படித்தான். மூக்குப் பக்கம் இவ்வளவு, வால் பக்கம் இவ்வளவு என்று நிறுத்தி வைத்த சுமை. டகோட்டாவுக்கு இன்னொரு குணம் உண்டு. தரையில் அது நாய் உட்கார்ந்திருக்கிறமாதிரி வாலைக் கீழே வைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். உள்ளே தரை சரிவு. சரக்குக் கதவு இருப்பதோ பின்னால். முதல் மூட்டையை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டுபோய் முன்னால் சேர்க்கவேண்டும். அங்கே கொண்டுபோய் வைத்த மூட்டைக்கு எந்நேரமும் பின்னால் இறங்கிவர ஆசை. அதைத் தடுப்பது வலை. தடித்த மணிலாக் கயிற்றால் முடைந்த வலை, ஓரமெல்லாம் இரும்புக் கொக்கி. பத்துப் பத்து மூட்டைக்கு ஒரு வலை போர்த்தி, தரையில் இருக்கும் வளையங்களில் மாட்டி முறுக்கிவிடவேண்டும். லாரியில் மூட்டை நழுவினால் லாரிக்குக் கீழே ரோடு இருக்கிறது. விமானத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். கடலோரத்தில் ஒரு பகுதி வெள்ளத்தில் துண்டாகிப்போனது. ரயில் கிடையாது, ரோடு கிடையாது. அங்கே ஒரு சின்ன ஓடுதளம் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. எங்கள் பக்கம் பொட்டலில், சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப்போன பழைய ஓடுதளம் ஒன்று உண்டு. பக்கத்திலேயே புதுவயல், ஆலை ஆலையாக அரிசி. அரிசியை இங்கிருந்து விமானத்தில் அனுப்புவதென்று முடிவாகி, எங்கள் கம்பெனியின் ஒரு டகோட்டா வந்து இறங்கியது. ஊர்க்காரன் என்பதால் என்னையும் அனுப்பினார்கள். சொந்த ஊருக்கு விமானத்தில் வந்து இறங்கிய முதல் மானகிரிக்காரன் நானாகத்தான் இருப்பேன். இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி முறிந்தது. அந்தப் பெருமை அத்தோடு சரி.

விமானி கேப்டன் சூசைராஜ். தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவக் கிராமத்துக்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அந்த வாத்தியார்த்தனம் மகனிடம் அப்படியே இருந்தது. கிளம்புமுன் சரக்கறைக்குள் நடந்து, ஒவ்வொரு வலையையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு கொக்கியையும் காலால் ஒரு தட்டு. பிறகு லோடு ஷீட்டை வாங்கி, பிள்ளையின் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவர் மாதிரி விரல் வைத்துப் படிப்பார்.

முதல் நாள் விமானம் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டிருந்தது. கொத்தமங்கலத்திலிருந்து குடையோடு வந்த ஓர் ஆச்சி, கேப்டனிடம் ஒரு தகர டின்னை நீட்டினார்.

“தம்பி, மேல போனா பசிக்குமுல்ல? சீப்புச்சீடை. கொண்டுபோங்க.”

கேப்டன் இரண்டு கையாலும் வாங்கி, நேரே என்னிடம் வந்தார். “ஏப்பா தராசு, இதை நிறு.”

“கேப்டன், சீடை!”

“சீடைக்கு எடை கிடையாதா? எழுது. முன்பகுதி, என் நாற்காலிக்குக் கீழே.”

எழுதினேன். சீடை டின் ஒன்று, மூன்று கிலோ. ஆச்சிக்கு மகா திருப்தி. “இம்புட்டுக் கணக்கா இருக்கீக, நல்லபடியா போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தவிட்டுக்கு வருகிறேன். கருப்பையா அண்ணன் எட்டு ஆட்களோடு ஆலை லாரியில் வந்து இறங்கினார். விமானத்துக்குள் ஏறிச் சரிவைப் பார்த்தார்.

“ஏந் தம்பி, இதென்ன கெணத்துக்குள்ள இருந்து மூட்டை ஏத்துற மாதிரியில்ல இருக்கு? அங்குட்டுக் கடைசி வரைக்குமா?”

“ஆமாண்ணே. முன்னால இருந்துதான் அடுக்கணும்.”

“எழுவத்தஞ்சு கிலோவ ஏத்தத்துல இழுத்தா எங்க இடுப்பு என்னாகுறது? செத்த பொறுங்க.”

லாரியிலிருந்து அரைச் சாக்குத் தவிடு வந்தது. ஆலையில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அவர்கள் வழக்கமே அதுதான். பலகையில் தவிட்டைத் தூவிவிட்டு மூட்டையைத் தள்ளினால், வெண்ணெயில் கத்தி போகிறமாதிரி போகும். புழுங்கல் தவிட்டில் எண்ணெய்ப் பசை அப்படி. விமானத் தரையின் நடுவே தாராளமாகத் தூவினார்கள். இரண்டு பேர் முக்கித் தூக்கவேண்டிய மூட்டையை ஒருவர் காலால் தள்ளிக்கொண்டு போனார்.

நான் என்ன செய்தேன்? தடுத்தேனா? கைதட்டினேன். “அண்ணே, ஏரோட்ராம்ல இத்தனை வருஷமா எங்க ஒருத்தனுக்கும் இது தோணலையே!” என்று அவர் முதுகில் தட்டினேன். இயற்பியல் படித்தவன். உராய்வு என்ற பாடத்தில் மட்டும் எனக்கு நல்ல மதிப்பெண் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

கேப்டன் பார்த்தார். குனிந்து விரலால் தடவி முகர்ந்தார். “வலை சரியா இருக்கா?” என்றார். நான்கு வலையையும் இழுத்தார். வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக இழுத்தார். பிறகு கிளம்பினார்.

கையேடு எழுதியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். அன்றும் மறுநாளுமாக மூன்று நடை போய் வந்தோம். மூன்று நடையிலும் தரையில் தவிடு இருந்தது. மூன்று நடையிலும் முப்பத்தாறு மூட்டை, நான்கு வலை, ஜாக்கியும் கருவிப் பெட்டியும், போகும் இடத்தில் இறக்குவதைப் பார்த்துக்கொள்ள நான். ஒரு மூட்டை ஒரு விரற்கடை நகரவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார். அவர் பெயர் வரதன். அவரைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவரைப்பற்றிக் கையேட்டில் அரை வரிகூட இல்லை. வரதன் யாரையும் அதட்டியதில்லை. யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. ஒரு துண்டுச் சீட்டில்கூட எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. தோளில் கைபோடுவார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பார். பிறகு தனக்கு வேண்டியதை ஒரு கேள்வியாகக் கேட்பார். கடைசியில், “உங்களுக்குத் தெரியாததா?” என்று முடிப்பார். கேட்கிறவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்த வேலையை அவனே யோசித்து, அவனே முடிவு செய்து, அவனே செய்ததுபோல ஆகிவிடும். அவர் கேள்வி கேட்டவர் மட்டும்தான்.

அன்று அவரோடு இரண்டு பத்திரிகைக்காரர்களும், காரைக்குடி ஸ்டூடியோக்காரர் ஒருவரும் வந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் நாற்பது மூட்டை அனுப்புகிறோம் என்று வரதன் அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

என் தோளில் கை விழுந்தது. “மாணிக்கம், வீட்ல சௌக்கியமா? நாற்பது மூட்டைன்னு எல்லாரும் எதிர்பார்க்குறாங்க.”

“சார், முப்பத்தாறுக்கு மேல எடை தாங்காது.”

“மூட்டையால தாங்கலையா, மத்ததாலயா?” சிரித்தார். “அந்த வலை எல்லாம் எவ்வளவு எடை?”

கேட்கிறாரே என்று சொன்னேன். வலை நான்கும் கொக்கியோடு நூறு கிலோ. ஜாக்கியும் கருவிப் பெட்டியும் நூற்று நான்கு. நான் தொண்ணூற்றாறு. ஆக முந்நூறு. நான்கு மூட்டையும் முந்நூறு. என் வாழ்நாளில் இத்தனை அழகாக ஒரு கணக்கு வந்ததே இல்லை.

“லாரியில வலையா போடுறாங்க? ஒரு கயிறுதானே? அம்பது நிமிஷம் பறக்கப்போகுது. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். பிறகு, “நீங்க போகலேன்னா ஒண்ணும் இல்லை. இங்க படத்துல நிக்கலாமே. ஊர்க்காரர் நீங்க” என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை, ஆனால் நடந்தது அதுதான். தலையை வாரிக்கொண்டே கருப்பையா அண்ணனிடம், “அண்ணே, வலைய உருவிட்டு லாரிக் கயிறு போட்டுருங்க” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “ஏந் தம்பி? வலை நல்லாத்தானே இருந்துச்சு?”

“எடை கூடுதுண்ணே.”

“தேங்காநார்க் கயிறு இழுக்க இழுக்க நீளுமே. அது ரோட்டுக்குச் சரி.”

“போடுங்கண்ணே. எனக்குத் தெரியாததா?”

ஆமாம், அந்த வாக்கியத்தை நானும் சொன்னேன். ஒட்டுவாரொட்டி அது.

கருப்பையா அண்ணன் கட்டினார். தனக்குத் தெரிந்த அளவுக்கு இறுக்கிக் கட்டினார். வலைகளைச் சுருட்டிக் கொட்டகை ஓரத்தில் வைத்தார்கள். லோடு ஷீட் முந்தைய மூன்று நடைக்கும் எழுதியதைப் பார்த்து எழுதியது. ‘வலை நான்கு’ என்ற வரியும் அப்படியே வந்துவிட்டது. வந்துவிட்டது என்கிறேன் பாருங்கள், தானாக நடந்துவந்ததுபோல. நான் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

நாற்பது மூட்டை கதவுவரை அடைத்துக்கொண்டதால் கேப்டன் பின்வழியாக ஏற முடியவில்லை. மூக்கோரம் இருக்கும் சின்னக் கதவில் ஏணி வைத்துத் துணை விமானியோடு ஏறினார். ஆகவே அன்றைக்கு மட்டும் அவர் சரக்கறைக்குள் நடக்கவில்லை. ஷீட்டை மேலே நீட்டினேன். விரல் வைத்துப் படித்தார். எஞ்சின் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

“தராசு, வலை இறுக்கமா இருக்கா?”

“கட்டியாச்சு கேப்டன்!” என்று கத்தினேன்.

பொய்யில்லை என்று அந்த நொடியில் நினைத்தேன். கயிறு கட்டித்தான் இருந்தது. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஸ்டூடியோக்காரர் எங்களை ஓடுதளத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார். பின்னால் விமானம் ஏறும்போது எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். “கொஞ்சம் சிரிங்க” என்றார். சிரித்தேன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் முழுச் சத்தத்தோடு ஓடியது. படம் எடுத்ததும் திரும்பினேன். வால் தூக்கியிருந்தது. சக்கரம் தரையைவிட்டது, மூக்கு ஏறியது. ஏறிய மூக்கு நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இன்னும் ஏறியது. நாலு பனை உயரத்தில் விமானம் ஏணி சாத்தினமாதிரி நின்றது. எஞ்சின்கள் அலறின. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பொட்டலில் அந்த நொடியில் அது புரிந்த ஒரே ஆள் நான்தான். பெஞ்சிலிருந்து நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். இடது இறக்கை சரிந்தது. மூக்கு குப்புறக் கவிழ்ந்து இறங்கியது.

பின்னால் ஓடி வாலை இழுத்த மூட்டைகள், விழுந்தபோது முன்னால் பாய்ந்து விமானியறையை அடைத்துக்கொண்டன. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கருப்பையா அண்ணனும் எட்டுப் பேரும் மேலே ஏறியிருந்தார்கள். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. ஒரு மூட்டை இன்னொன்றின் மேல் சரியாதபடி, எதை முதலில் எடுப்பது என்று தெரிந்து எடுத்தார்கள். அந்த வித்தை அவர்களுக்குத்தான் தெரியும். துணை விமானி கால் முறிந்து உயிரோடு இருந்தார். கேப்டன் சூசைராஜ் இல்லை. மூக்கை இறக்கக் கைச்சக்கரத்தை முன்னால் தள்ளியது போதாமல், அதில் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளியிருந்தார். கால்கள் அப்படியே இருந்தன. கருப்பையா அண்ணன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். செம்மண் முழுக்க அரிசி. அதற்கு நடுவே ஒரு தகர டின், நசுங்காமல் கிடந்தது.

மறுநாள் காலை போலீஸ் கருப்பையா அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. தவிடு தூவியதை அவரே சொல்லியிருந்தார். மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் வைத்திருந்து, விசாரணைக்கு வரவேண்டும் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். கொட்டகை ஓரத்தில் இருந்த வலைகளைக் காணோம். கம்பெனி வண்டி சென்னைக்குப் போனபோது அவையும் போய்விட்டன.

வரதன் என் தோளில் கைபோட்டார். “வலை உள்ளதான் இருந்துச்சு. உங்க கையெழுத்தே சொல்லுது. தவிட்டால வலை வழுக்கிருச்சு. உங்களுக்குத் தெரியாததா?”

யோசித்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்து என்னைக் காப்பாற்றும், அவரைக் காப்பாற்றும், கம்பெனியைக் காப்பாற்றும். சிறைக்குப் போகவேண்டியவர் ஒரே ஒருவர். அவருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துக் கருப்பையா அண்ணன் மானகிரிக்கு என் வீட்டைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

“தம்பி, ஆலைல இனி வரவேணாம்னுட்டாக. ஆளுகளும் என்னைய ஒரு மாதிரிப் பாக்குறாங்க. எட்டுப் பேரையும் நான்தானே தூவச் சொன்னேன். வலைய உருவச் சொன்னது நீங்கன்னு நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல.”

“ஏண்ணே சொல்லலை?”

“நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொன்னாத்தான் அது நடந்ததாகும்.”

என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே காரைக்குடிக்கு சைக்கிள் மிதித்தேன். ஸ்டூடியோக்காரர் படத்தைக் கழுவி வைத்திருந்தார். “விபத்தானதால யாருமே வாங்க வரலை. நீங்க அருமையா விழுந்திருக்கீக” என்றார். உண்மைதான். வாரிய தலை, முப்பத்திரண்டு பல். எனக்குப் பின்னால் தூரத்தில் விமானம், வால் தூக்கிய நிலையில். எனக்கும் விமானத்துக்கும் நடுவே, கொட்டகை ஓரத்தில், சுருட்டி வைத்த நான்கு வலைகள். கொக்கிகளை எண்ணிவிடலாம்.

இதைக் காட்டினால் வலை உள்ளே இல்லை என்பது நிச்சயமாகும். என் கையெழுத்து பொய் என்பதும் அதே நொடியில் நிச்சயமாகும். கருப்பையாவை விடுவிக்க என் பல்லைத்தான் காட்டவேண்டும். இரண்டு இரவு தூங்கவில்லை. பசி மட்டும் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடி பயணியர் விடுதியில் விசாரணை. டெல்லியிலிருந்து வந்த அதிகாரி லோடு ஷீட்டைத் தூக்கிக் காட்டினார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“வலை நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“எழுதியிருக்கிறேன். விமானத்தில் ஒன்றுகூட இல்லை.”

படத்தை மேசைமேல் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அத்தனை சரியாக எடை போட்டதில்லை.

மேனேஜரிடம், வலையை எடுக்கச் சொன்னீர்களா என்று கேட்டார். வரதன் முகம் மாறவில்லை. “நான் எடை என்ன என்றுதான் கேட்டேன். சரக்குக்குப் பொறுப்பு அவர். ஏழெட்டு வருஷ அனுபவம். அவருக்குத் தெரியாததா?” என்றார். அது முழு உண்மை. இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், அந்தப் பதிலில் ஓர் ஓட்டை கிடைக்கவில்லை.

கருப்பையா மேல் வழக்கு இல்லை என்று முடிவானது. எனக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போனது, வேலையும் போனது. எழுபதுகளில் வேறு இடத்தில் காணாமல்போன பெட்டிகளைத் தேடும் பிரிவில் சேர்ந்து, ஊர்ந்து ஊர்ந்து மறுபடி சரக்குக்கு வந்தேன். வரதனுக்குப் பம்பாயில் இதைவிடப் பெரிய அலுவலகம் கிடைத்தது.

விடுதி வாசலில் கருப்பையா அண்ணன் காத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லணும். தவுடு போடாம இருந்திருந்தா, அந்தக் கயித்துக்கு மூட்டை நின்னுருக்குமா?”

நின்றிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

“தெரியலண்ணே.”

“எனக்கும் தெரியல” என்றார். அவ்வளவுதான்.

ஆலையில் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு லாரியில்கூட அவர் தவிடு தூவ விடவில்லை என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். இடுப்பு ஒடிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்களாம். அவரும் சேர்ந்து இழுத்தாராம், கடைசிவரை. வலையை எடுக்கவைத்தவர், எடுக்கச் சொன்னவன், பொய் எழுதியவன் எல்லோரும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். தனக்குத்தானே தண்டனை போட்டுக்கொண்டவர் அவர் மட்டும்தான். அவரைத்தான் கோவணம் கட்டிச் சிரிக்கவைத்திருக்கிறீர்கள்.

முதல் அறிக்கையில் எல்லாம் இருந்தது. வலை எடுக்கப்பட்டது, பொய்க் கையெழுத்து, கூடுதல் மூட்டைக்காக வந்த நெருக்கடி, கடைசியாகத் தவிடு. நான் படித்தேன். பிறகு அதைச் சுருக்கினார்கள். சுருக்கியதை இன்னும் சுருக்கினார்கள். இடம் போதாதபோது பெரிய ஆட்கள்தான் முதலில் இறங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது. மேனேஜர் இறங்கினார். கம்பெனி இறங்கியது. வலை இறங்கியது, என் கையெழுத்தும் இறங்கியது. மிஞ்சியது அரைச் சாக்குத் தவிடு.

பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அறிவுரை எனக்கு வராது. அதற்கான தகுதி எனக்கு எவ்வளவு என்று மேலே படித்தீர்கள். ஒரு லோடு ஷீட் வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அன்றைக்கு எழுதியிருக்கவேண்டியது இதுதான். கையேட்டின் அடுத்த பதிப்பில் எட்டு வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். கேலிப்படத்துக்குப் பதிலாக அந்தப் புகைப்படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

நான்காம் நடை. விமானி: கேப்டன் சூசைராஜ். அரிசி நாற்பது மூட்டை, மூவாயிரம் கிலோ. சீப்புச்சீடை டின் ஒன்று, பாதி காலி, ஒன்றரைக் கிலோ, விமானி நாற்காலிக்குக் கீழே. தேங்காய்நார்க் கயிறு ஒன்று. தரையில் தவிடு, எழுத்தர் கைதட்டி அனுமதித்தது.

ஏற்றாமல் கீழே விட்டவை: வலை நான்கு, நூறு கிலோ. ஜாக்கி, கருவிப் பெட்டி, நூற்று நான்கு கிலோ. எழுத்தர் ஒன்று, தொண்ணூற்றாறு கிலோ, சிரித்த முகம்.

கையெழுத்து: மாணிக்கம்.